சீட்டு கொடுத்தா போதாது, பிள்ளை போய்ச் சேரணும்

(நம் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், அரசு மருத்துவமனை ஒன்றில் பல் சுகாதாரப் பணியாளராக வேலை பார்க்கும் சகோதரி பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். ஊக்குநர்கள் தங்கள் குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டவும்.)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று பேச ஆயிரம் விஷயம் இருக்கிற கூட்டத்தில், பிள்ளைங்க பல்லைப் பத்திப் பேச அரை மணி நேரம் ஒதுக்கினீங்க. அதுக்கு முதல்ல நன்றி.

நான் பல் டாக்டர் இல்லீங்க. பல் டாக்டருக்குப் பக்கத்தில் இருந்து பல்லைச் சுத்தம் செய்யறது, எப்படித் தேய்க்கணும்னு சொல்லிக் கொடுக்கறது, சந்தேகம் இருந்தா டாக்டர்கிட்ட அனுப்பறது என்னோட வேலை. டென்டல் ஹைஜீனிஸ்ட்னு சொல்வாங்க. எங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற சின்னப் பிள்ளைங்க எதுக்காக வர்றாங்க தெரியுமா? பெரும்பாலும் ராத்திரி பூரா அழுது, கன்னம் வீங்கின பிறகுதான் வர்றாங்க. ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா அழாமலே முடிஞ்சிருக்கும். அந்த ஆறு மாசத்தை எப்படிக் காப்பாத்தறது என்பதுதான் இன்னிக்குப் பேச்சு.

விழுந்து முளைக்கிற பல்லுதானே?

எல்லா வீட்டிலும் சொல்ற வார்த்தை இது. பாட்டி சொல்வாங்க, அப்பா சொல்வார், சில சமயம் படிச்சவங்களும் சொல்வாங்க. கணக்குப் பார்ப்போம்.

பால்பல் மொத்தம் 20. ஆறு மாசம் வாக்கில் முதல் பல் எட்டிப் பார்க்கும். இரண்டரை, மூணு வயசுக்குள்ள இருபதும் வந்துடும். முன்பல்லு ஆறு, ஏழு வயசில் விழும். சரி. ஆனா கடைவாய்ப் பால்பல்லு 10, 12 வயசு வரைக்கும் வாயில் இருக்கணும். நாலு வயசில் சொத்தையான கடைவாய்ப்பல்லை வச்சுக்கிட்டு இன்னும் ஆறு, எட்டு வருஷம் பிள்ளை சாப்பிடணும், தூங்கணும், பள்ளிக்கூடம் போகணும்.

வலிக்கிற பிள்ளைக்கு மென்னு தின்ன முடியாது. சோத்தை வாயிலேயே அதக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கும். நாம "அடம் பிடிக்குது"ன்னு திட்டுவோம். எடை ஏறாது. ராத்திரித் தூக்கம் கெடும். காலையில பாலர் வகுப்பில் தூங்கி விழும்.

பால்பல்லுக்கு இன்னொரு வேலையும் இருக்கு. கீழே வளர்ற நிலைப்பல்லுக்கு இடம் பிடிச்சு வைக்கிறது அதுதான். காலத்துக்கு முந்திப் பிடுங்கிட்டா பக்கத்துப் பல்லு அந்த இடத்தில் சாய்ஞ்சுடும். பின்னாடி வர்ற நிலைப்பல் இடமில்லாம கோணலா முளைக்கும்.

இன்னொன்று கவனிங்க. ஆறு வயசு வாக்கில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னாடி, எந்தப் பல்லும் விழாமலே ஒரு பெரிய பல் வரும். பால்பல்லுன்னு நினைச்சு விட்டுடுறோம். அது நிலைப்பல். ஆயுசுக்கும் வேணும். அது போனா போனதுதான்.

சொத்தை எப்படி வருது?

பல்லுக்குள்ள பூச்சி கிடையாது. குழல் வச்சு ஊதி, புகை போட்டுப் புழு எடுத்துக் காட்டறவங்களை நம்பிக் காசு கொடுக்காதீங்க. வாயில் கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கு. நாம சாப்பிடற இனிப்பை அதுவும் தின்னுட்டு அமிலமா மாத்தும். அந்த அமிலம் பல்லைக் கொஞ்சம் கொஞ்சமா அரிக்கும். அவ்வளவுதான்.

இதில் எவ்வளவு இனிப்பு தின்னுச்சு என்பதோட, எத்தனை தடவை தின்னுச்சு என்பதும் முக்கியம். சாப்பாட்டோட ஒரு கடலை மிட்டாய் தின்னா பரவாயில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கையில் பிஸ்கட், ரஸ்க், மிட்டாய்னு இருந்தா வாய் ஆறவே நேரம் கிடைக்காது. கடலை மிட்டாய் செஞ்சு விக்கிற குழு இங்கே இருக்கலாம். விக்காதீங்கன்னு நான் சொல்லலை, பயப்படாதீங்க.

சின்னப் பிள்ளைக்கு மோசமானது ராத்திரி பாட்டில். சர்க்கரை போட்ட பாலை வாயில் வச்சபடியே தூங்க வைக்கிறோம். தூங்கறப்போ எச்சில் குறையும். கழுவி விட ஆளில்லாம பால் பல்லு மேலேயே நிக்கும். மேல் முன்பல் நாலும் முதல்ல போகும். கீழ் முன்பல்லை நாக்கும் எச்சிலும் காப்பாத்திடும். அதனால்தான் சில பிள்ளைக்கு மேலே கறுத்த முளையா நிக்குது, கீழே வெள்ளையா இருக்கு. அழுதா தேன் தொட்ட ரப்பர் நிப்பிள் வைக்கிறதும் இதே கதைதான். ஒரு வயசுக்குள்ள தேனே கொடுக்கக் கூடாது, அது வேற ஆபத்து.

இருமல் மருந்து, சத்து டானிக் எல்லாத்திலும் பெரும்பாலும் சர்க்கரை இருக்கு. கொடுத்த பிறகு ரெண்டு வாய் தண்ணி குடிக்க வைங்க.

உதட்டைத் தூக்கிப் பாருங்க

இதுக்கு மெஷின் வேண்டாம், படிப்பு வேண்டாம். மாசம் ஒரு தடவை, வெளிச்சத்தில் உட்கார்ந்து கையைக் கழுவிக்கிட்டு, பிள்ளை தலையை மடியில் வச்சுக்கோங்க. மேல் உதட்டை மெல்லத் தூக்குங்க. பல்லும் ஈறும் சேர்ற இடத்தைப் பாருங்க. அப்புறம் வாயைத் திறக்கச் சொல்லிக் கடைவாயைப் பாருங்க. ஊசி, ஊக்கு, குச்சி எதையும் வச்சுக் குத்தாதீங்க. கண்ணால் பார்த்தா போதும்.

என்னென்ன தெரியும்?

ஈறு ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு மாதிரி மங்கின வெள்ளை. இது சொத்தையோட ஆரம்பம். இந்தக் கட்டத்தில் ஓட்டை விழலை. ஒழுங்காத் தேய்ச்சு, இனிப்பைக் குறைச்சு, டாக்டர் மருந்து பூசினா திரும்பி வர வாய்ப்பு இருக்கு. இந்த மாசத்துக்குள்ள காட்டுங்க.

பழுப்பு அல்லது கறுப்புப் புள்ளி, குழி, உடைஞ்ச பல். வலி இருக்கோ இல்லையோ, ரெண்டு வாரத்துக்குள்ள காட்டுங்க. "வலிக்கலையே"ன்னு தள்ளிப் போடறதுதான் பெரிய நஷ்டம்.

ஈறில் கொப்புளம், சீழ். அதை நாள் கடத்தாதீங்க, மறுநாளே போங்க.

கன்னம் வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியலை, விழுங்க முடியலை. இது அன்னிக்கே போக வேண்டியது. ராத்திரியா இருந்தாலும் அரசு மருத்துவமனைக்குப் போங்க. மூச்சுத் திணறல் இருந்தா 108-ஐக் கூப்பிடுங்க. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, புகையிலையை அடக்கி வச்சு, பெரியவங்க மாத்திரையைப் பாதியா உடைச்சுக் கொடுத்து நேரத்தைப் போக்காதீங்க. பல்லில் இருந்து கிளம்பின சீழ் கழுத்துக்கு இறங்கினா உயிருக்கே ஆபத்து.

பார்க்க ஒருத்தர், அனுப்ப ஒருத்தர்

என்னோட இந்த வேலை எப்படிப் பிறந்துச்சு தெரியுமா? அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் என்கிற ஊரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ்னு ஒரு பல் டாக்டர். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தபடி எத்தனை பிள்ளையைக் காப்பாத்த முடியும்னு யோசிச்சார். 1913-ல் பெண்களைச் சேர்த்துப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். படிச்சு முடிச்ச பெண்கள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போனாங்க. பிள்ளைங்க பல்லைச் சுத்தம் செஞ்சாங்க, தேய்க்கச் சொல்லிக் கொடுத்தாங்க. நியூசிலாந்தில் 1921-ல் பள்ளிப் பிள்ளைகளுக்குன்னே பல் நர்ஸ்களுக்குப் பயிற்சி தொடங்கினாங்க. அவங்களும் பெண்கள்தான். நம்ம நாட்டிலும் 1948-ம் வருஷப் பல் மருத்துவர் சட்டத்திலேயே இந்த வேலைக்குப் பேர் சொல்லி இடம் கொடுத்தாங்க.

ஆனா இந்தப் படிப்பு படிச்சவங்க நம்ம பக்கம் ரொம்பக் குறைச்சல். ஊருக்கு ஒருத்தர் வருவாங்கன்னு காத்திருக்க முடியாது. அப்போ பார்க்கிற வேலையை யார் செய்யறது?

வழி ஏற்கெனவே இருக்கு. 2013-ல் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்குச்சு. ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்னு பேர், சுருக்கமா ஆர்.பி.எஸ்.கே. பிறந்த குழந்தையிலிருந்து 18 வயசு வரைக்கும் பரிசோதனை. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்தில் ரெண்டு தடவை, அரசுப் பள்ளிக்கு ஒரு தடவை வரணும் என்பது திட்டம். அவங்க பார்க்க வேண்டிய பட்டியலில் பல் சொத்தையும் இருக்கு. குறை தெரிஞ்சா மேல் சிகிச்சைக்குச் சீட்டு எழுதி அனுப்புவாங்க. காசு கட்ட வேண்டியதில்லை.

அதனால் அங்கன்வாடி டீச்சர்கிட்ட, "மருத்துவக் குழு எப்போ வருது?"ன்னு கேட்டு வச்சுக்கோங்க. அன்னிக்குப் பிள்ளையைத் தவறாம அனுப்புங்க. "பல்லையும் பாருங்க டாக்டர்"னு வாய்விட்டுச் சொல்லுங்க. கூட்டத்தில் நூறு பிள்ளையைப் பார்க்கிறவங்க, சொன்னா இன்னும் கவனமாப் பார்ப்பாங்க. குழு வர்ற வரைக்கும் காத்திருக்கணும்னும் இல்லை. நர்ஸம்மாகிட்ட காட்டலாம், நேராகவும் போகலாம்.

சீட்டு எங்கே நிக்குது?

இப்போதான் முக்கியமான இடத்துக்கு வர்றேன்.

ஒரு நாலு வயசுப் பெண் குழந்தை. வீங்கின கன்னத்தோட வந்துச்சு. பழைய சீட்டு ஏதாவது இருக்கான்னு கேட்டேன். அம்மா ரேஷன் கார்டு உறையைப் பிரிச்சாங்க. உள்ளே நாலா மடிச்ச சீட்டு. எட்டு மாசத்துக்கு முந்தின தேதி. அங்கன்வாடியில் பார்த்திருக்காங்க, சொத்தைன்னு எழுதியிருக்காங்க, அனுப்பியிருக்காங்க. எல்லாரும் அவங்கவங்க வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்காங்க. பிள்ளை மட்டும் வந்து சேரலை.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. எங்கே போகணும்னு தெரியலை. எந்தக் கிழமை பல் டாக்டர் இருப்பார்னு தெரியலை. போனா ஒரு நாள் கூலி போச்சு. கைக்குழந்தையைப் பார்த்துக்க ஆள் இல்லை. வீட்டில், "பால்பல்லுக்கு ஆஸ்பத்திரியா?"ன்னு கேட்டாங்க. இதில் எந்தக் கஷ்டம் மருத்துவத்துக்குச் சம்பந்தப்பட்டது? ஒண்ணும் இல்லை. இதெல்லாம் நாலு பெண்கள் சேர்ந்தா தீர்க்கக் கூடிய கஷ்டம்.

நான் உங்ககிட்ட ஒண்ணு கேட்கிறேன். குழுவில் கடன் கொடுத்தவுடனே லெட்ஜரை மூடிடறோமா? தவணை வந்துச்சா, வரலைன்னா ஏன் வரலைன்னு வீடு தேடிப் போய்க் கேட்கிறோம். கடைசித் தவணை வந்த பிறகுதான் கணக்கை முடிக்கிறோம். பிள்ளைக்குக் கொடுத்த சீட்டையும் அப்படிப் பார்க்கணும். பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டர் பார்த்து, சிகிச்சை முடிஞ்ச பிறகுதான் அந்தக் கணக்கு முடியுது. இந்த வேலை உங்களுக்குக் கைவந்த வேலை. எங்க ஆஸ்பத்திரியில் எங்களால் செய்ய முடியாத வேலை.

அதுக்கு ஒரு 40 பக்க நோட்டு போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி. பிள்ளை பேரு, வயசு. என்ன தெரிஞ்சுது, வலி இருக்கா, வீக்கம் இருக்கா. எந்தத் தேதியில் எங்கே அனுப்பினோம். போனாங்களா. என்ன செஞ்சாங்க. மறுபடி எப்போ வரச் சொன்னாங்க. கடைசி மூணு கட்டம் காலியா இருந்தா அந்தப் பிள்ளை இன்னும் நம்ம பொறுப்பு.

முதல் வாரமே ஒருத்தர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேட்டு வரணும். பல் டாக்டர் எல்லா நிலையத்திலும் இருக்க மாட்டார். மேம்படுத்தப்பட்ட வட்டார நிலையங்கள் பலதில் இருப்பார், தாலுகா, மாவட்ட மருத்துவமனையில் இருப்பார். என்ன கிழமை, எத்தனை மணி வரைக்கும் சீட்டுப் போடுவாங்கன்னு கேட்டு அங்கன்வாடிச் சுவரில் எழுதி ஒட்டுங்க. விவரம் தெரியலைன்னா 104-க்குப் போன் போட்டுக் கேளுங்க. அப்புறம் நாலஞ்சு பிள்ளைங்களைச் சேர்த்து ஒரே நாளில் போங்க. ரெண்டு தாய் கூடப் போனா போதும், மத்தவங்க வேலைக்குப் போகலாம். ஆனா சிகிச்சைக்கு முன்னாடி டாக்டர் தாய் தகப்பன் சம்மதம் கேட்பார். அதனால முதல் தடவை மட்டும் அவங்கவங்க பெத்தவங்க போறது நல்லது.

ஒரு எச்சரிக்கை. யார் பிள்ளைக்குச் சொத்தைன்னு கூட்டத்தில் உரக்கப் படிக்காதீங்க. அந்தத் தாய் அடுத்த மாசம் பிள்ளையைக் காட்ட மாட்டா. தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க, "நானும் கூட வர்றேன்"னு சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவ காத்திருப்பா.

டாக்டர் என்ன செய்வார்?

பல் டாக்டர்னா பிடுங்குவார்னு பயம். கடைசியில் போறதால்தான் பிடுங்க வேண்டி வருது. சீக்கிரம் போனா ஃப்ளோரைடு வார்னிஷ்னு ஒரு மருந்தைப் பல்லு மேல தூரிகையால் பூசுவாங்க. வலிக்காது, ஊசி இல்லை. சின்னக் குழி இருந்தா மெஷின் போடாமலே கையால் சுரண்டி, சிமென்ட் மாதிரி ஒன்றை அடைச்சுடுவாங்க. பயப்படற சின்னப் பிள்ளைக்கு வெள்ளி கலந்த ஒரு சொட்டு மருந்து தொட்டு வைப்பாங்க. சொத்தை அதோட நின்னுடலாம், ஆனா அந்த இடம் நிரந்தரமாக் கறுத்துடும். கறுத்ததைப் பார்த்துக் கெட்டுப் போச்சுன்னு பயப்படாதீங்க. இந்த மருந்தையும் அடைக்கிற சிமென்ட்டையும் ஃப்ளோரைடு பேஸ்ட்டையும் உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கு. எல்லாம் எல்லா இடத்திலும் கிடைக்காது. எது உண்டுன்னு கேளுங்க.

"அழுதா டாக்டர் ஊசி போடுவார்"னு வீட்டில் பயமுறுத்தாதீங்க. அப்புறம் அந்தப் பிள்ளை எங்ககிட்ட வாயே திறக்காது. முதல் பிறந்த நாளுக்குள்ள ஒரு தடவை சும்மாவாவது காட்டிட்டு வந்தா இடம் பழகிடும்.

வீட்டில் செய்ய வேண்டியது

முதல் பல் வந்த அன்னிக்கே தேய்க்கத் தொடங்கணும். காலையில் ஒரு தடவை, ராத்திரி படுக்கப் போறப்போ ஒரு தடவை. மூணு வயசு வரைக்கும் ஃப்ளோரைடு பேஸ்ட் ஒரு அரிசி அளவு, அதுக்கு மேல ஆறு வயசு வரைக்கும் பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டற மாதிரி பிரஷ் பூராவும் வைக்காதீங்க. துப்பச் சொல்லிக் கொடுங்க. ஏழு, எட்டு வயசு வரைக்கும் நாமதான் தேய்ச்சு விடணும். பிள்ளை தானாத் தேய்க்கட்டும், பின்னாடி நாம ஒரு தடவை தேய்க்கணும். அடுப்புக்கரி, செங்கல் பொடி, சாம்பல் வேண்டாம், பல்லைத் தேய்ச்சுக் கரைச்சுடும். ராத்திரி தேய்ச்ச பிறகு தண்ணி மட்டும்தான். பாட்டிலை ஒரு வயசில் டம்ளருக்கு மாத்துங்க. தாய்ப்பால் கொடுக்கறதை நிறுத்த வேண்டாம்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

*வேப்பங்குச்சி நல்லதுதானே?*

பெரியவங்க கவனமாத் தேய்ச்சா அழுக்குப் போகும். சின்னப் பிள்ளை ஈறைக் குத்திக்கும். அதோட ஃப்ளோரைடு கிடைக்காது. பிள்ளைக்கு மெத்து பிரஷ்தான்.

*எங்க தங்கச்சி தருமபுரிப் பக்கம் இருக்கா. தண்ணியில் ஃப்ளோரைடு அதிகம்னு சொல்றாங்க. பேஸ்ட்டும் போடலாமா?*

நல்ல கேள்வி. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல் வளர்ற வயசில் அதைக் குடிச்சா பல்லில் திட்டுத் திட்டாக் கறை விழும். அதுக்காகத்தான் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்துச்சு. போர்வெல் தண்ணி குடிக்காம, குழாயில் வர்ற ஆற்றுத் தண்ணியைப் பிள்ளைக்குக் கொடுக்கணும். பேஸ்ட் விஷயத்தை அங்கே இருக்கிற பல் டாக்டரைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்க. சொன்ன அளவும் துப்பறதும் அங்கே இன்னும் முக்கியம்.

*என் பிள்ளைக்கு ஏற்கெனவே நாலு பல் போயிடுச்சு. இனிமே போய் என்ன பிரயோசனம்?*

மிச்சம் பதினாறு இருக்கே அம்மா. அதுக்காகப் போங்க.

இதோட முடிச்சுக்கறேன். அடுத்த மாசம் நீங்க என்னைக் கூப்பிட வேண்டியதில்லை. உங்க நோட்டைக் கொண்டு வாங்க. அதில் கடைசிக் கட்டம் எத்தனை நிறைஞ்சிருக்குன்னு உங்க வாயால் சொல்லுங்க. வணக்கம்.

கூட்டத்தில் எடுத்த தீர்மானம்

1. ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் பல் நோட்டுப் பொறுப்பை ஏற்பார். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு மாதம் ஒருமுறை சென்று பார்ப்பார்.

2. பல் மருத்துவர் இருக்கும் இடம், கிழமை, நேரம் ஆகியவற்றை விசாரித்து எல்லா அங்கன்வாடிகளிலும் எழுதி ஒட்ட வேண்டும்.

3. சீட்டு பெற்று இன்னும் போகாத பிள்ளைகளின் எண்ணிக்கையை மட்டும், பெயரின்றி, மாதக் கூட்டத்தில் தெரிவிக்க வேண்டும். பயணச் செலவுக்கு முடியாத உறுப்பினருக்குக் குழு உள்கடன் கொடுக்கும்.